பெயர் மாறிய பட்டியல்

சென்ற கல்வியாண்டில் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். கணிதத்தில் பின்தங்கிய பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பதிவேடு ஒன்றை எடுப்பதற்காக அந்த அறைக்குள் போனேன். முதல் வரிசையில், கணிதத்தில் எப்போதும் தொண்ணூறுக்குக் குறையாத மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டேன்.

"லிஸ்ட்ல என்ற பேரு இருந்துச்சுங்க சார்."

"நீ நல்லாத்தானே எழுதியிருப்ப? கேக்க வேண்டியதுதானே?"

"நாந்தான் எங்கியோ தப்புப் பண்ணியிருப்பேன்னு நெனச்சனுங்க சார்."

விடைத்தாள்கள் இன்னும் மாணவர் கைக்குப் போய்ச் சேராத நேரம். அவள் அந்த வகுப்பில் உட்கார்வது அன்று மூன்றாவது மாலை. அலுவலகத்துக்குப் போய் மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினேன். அவளுடைய மதிப்பெண் 91. பட்டியலைத் தயாரித்தது நான் எழுதிய நிரல். வந்திருக்க வேண்டிய வேறொரு மாணவருக்கு அந்த மூன்று மாலைகளும் கிடைக்கவில்லை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். ஆனால் இக்கட்டுரை கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமானதன்று. பெயர்ப் பட்டியல் தயாரிக்காத ஆசிரியர் நம்மில் யாரும் இல்லை. அந்தப் பட்டியலில் பெயர்கள் எப்படி இடம் மாறின என்பதைப் புரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கரும்பலகையும் குறிப்பேடும் தெரிந்தால் போதும்.

4 என்றால் எவ்வளவு?

நான் குடியிருப்பது கோவை கணபதியில். எங்கள் பகுதியில் லேத் பட்டறைகள் அதிகம். பட்டறைக்கு வரும் ஒரு துண்டுச் சீட்டில் வெறுமனே '4' என்று எழுதியிருந்தால் அதைக் கொண்டு எதையும் கடைய முடியாது. 4 மில்லிமீட்டரா, 4 நூலா, 4 இஞ்சா என்று தெரிய வேண்டும். ஓர் இஞ்சுக்கு 8 நூல். ஆகவே 4 நூல் என்றால் அரை இஞ்சு, அதாவது 12.7 மில்லிமீட்டர். சீட்டில் உள்ள எழுத்து ஒன்றுதான். படிக்கும் முறையைப் பொறுத்து இரும்பின் அளவு மாறுகிறது.

கணினியின் நினைவகமும் இப்படிப்பட்ட சீட்டுகளின் அடுக்குதான். ஒவ்வொரு சீட்டும் ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை மதிப்பெண்ணாகப் படிப்பதா, எழுத்தாகப் படிப்பதா, படத்தின் ஒரு புள்ளியாகப் படிப்பதா என்பதைச் சொல்வதே தரவினம். பதினொன்றாம் வகுப்பில் சி++ நடத்தும்போது தரவினங்களும் இனமாற்றமும் வருகின்றன.

இனமாற்றத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, '4 நூல்' என்ற சீட்டைப் பார்த்து, புதிய சீட்டில் '12.7 மில்லிமீட்டர்' என்று கணக்கிட்டு எழுதுவது. மற்றொன்று, பழைய சீட்டைத் தொடாமல், "இனிமேல் இதை மில்லிமீட்டர் என்று படி" என்று சொல்லிவிடுவது. முதல் வழியில் வேலை அதிகம். இரண்டாவது வழியில் வேலையே இல்லை. ஆனால் 12.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய துண்டு 4 மில்லிமீட்டராக வந்து நிற்கும்.

நாம் எல்லோரும் பார்த்த பிழை

இந்த இரண்டாவது வழியின் விளைவைத் தமிழ் தட்டச்சு செய்த ஒவ்வோர் ஆசிரியரும் பார்த்திருப்பார். பாமினி எழுத்துருவில் தயாரித்த வினாத்தாளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் ஐந்து பைட்டுகளும் 109, 107, 59, 107, 104 என்று அப்படியேதான் இருக்கின்றன. பாமினி எழுத்துரு 109ஐ 'அ' என்று வரைந்து காட்டியது. மற்ற எழுத்துரு அதை ஆங்கில 'எம்' என்று வரைகிறது.

ஒருங்குறியில் இதே 'அம்மா' வேறுவிதமாகச் சேமிக்கப்படுகிறது. நமக்கு அது அ, ம், மா என்ற மூன்று எழுத்து. ஒருங்குறிக்கு அது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்ற ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 15 பைட். 'அ' என்பது மட்டும் 224, 174, 133 என்ற மூன்று எண்கள். இந்த எண்களைப் பழைய மேற்கத்திய குறிமுறையில் படித்தால், தலையில் கோடு போட்ட சிறிய 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். மின்னஞ்சலில் வந்த சுற்றறிக்கை சில நேரம் இப்படித் தெரிந்திருக்கும்.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ் இணைய மாநாடும் உடன் நடந்தது. அந்த மாதமே தமிழ்நாடு அரசு, ஒருங்குறியையும் டேஸ்-16 என்ற குறிமுறையையும் தமிழுக்கான தரமாக அறிவித்தது. ஆயினும் அதற்கு முன்பு தட்டச்சு செய்த கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை. பாமினியின் ஐந்து பைட்டுகளை ஒருங்குறியின் பதினைந்து பைட்டுகளாக யாராவது உண்மையாகவே மாற்றி எழுத வேண்டும். எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது.

இந்தப் பிழையில் ஒரு நன்மை உண்டு. அது உடனே கண்ணில் படும். எங்கள் பட்டியலில் நடந்த பிழை அப்படிப்பட்டதன்று. அங்கே ஒவ்வொரு பெயரும் அழகான தமிழில், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தது.

நகல் எதற்கு?

நான் அந்த நிரலை 'கோ' என்ற மொழியில் எழுதியிருந்தேன். கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007இல் வடிவமைக்கத் தொடங்கி, 2009இல் வெளியிடப்பட்ட மொழி இது. சி++ போலவே, நிரல்பெயர்ப்பி முழு நிரலையும் இயந்திர மொழிக்கு மாற்றிய பிறகே ஓடும். தமிழ் எழுத்துகளை இன்று சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையையும் இவர்களில் தாம்சனும் பைக்கும்தான் 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து வடிவமைத்தார்கள்.

'கோ' மொழியில் எழுத்துகளை வைக்க இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று பைட் வரிசை. அதில் எப்போது வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். மற்றொன்று சரம். ஒரு முறை உருவான சரத்தை யாரும் மாற்ற முடியாது. பைட் வரிசையைக் கரும்பலகை என்றும், சரத்தை மையால் எழுதிய குறிப்பேடு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கோப்பிலிருந்து படிக்கும் பெயர்கள் முதலில் பைட் வரிசைக்குத்தான் வருகின்றன. அவற்றைச் சரமாக மாற்றும்படி சொன்னால், மொழி புதிய இடம் ஒதுக்கி, ஒவ்வொரு பைட்டாக நகல் எடுத்து வைக்கிறது. பலகையில் உள்ளதை மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது போல. அடுத்த பாடவேளை ஆசிரியர் வந்து பலகையை அழித்தாலும் குறிப்பேடு அப்படியே இருக்கும். நகல் எடுக்கும் அந்தச் சிறு வேலைதான், சரம் மாறாது என்ற உறுதிமொழிக்கு நாம் தரும் விலை.

பல கோடி வரிகளைக் கையாளும் நிரல்களில் இந்த விலை கூடிவிடும். அங்கே சிலர் ஒரு குறுக்குவழியைப் பயன்படுத்துகிறார்கள். இன்றைய 64 பிட் கணினிகளில் பைட் வரிசையைக் குறிக்க 'கோ' மொழி மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சிறு அட்டையை வைத்திருக்கிறது. முதல் கட்டத்தில் பைட்டுகள் இருக்கும் முகவரி, இரண்டாவதில் நீளம், மூன்றாவதில் கொள்ளளவு. கட்டம் ஒன்றுக்கு 8 பைட் வீதம் 24 பைட். சரத்தின் அட்டையில் இரண்டே கட்டங்கள், முகவரியும் நீளமும், 16 பைட். முதல் இரண்டு கட்டங்களும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே பைட் வரிசையின் அட்டையைக் காட்டி, "இதன் முதல் இரண்டு கட்டங்களைச் சரத்தின் அட்டையாகப் படி" என்று சொல்லிவிடலாம். பெயரின் பைட்டுகள் எதுவும் நகலாவதில்லை. நீளம் எவ்வளவு இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

பட்டறைச் சீட்டில் நடந்த வாசிப்புப் பிழை இங்கே இல்லை. இரண்டு இனங்களும் அதே பைட்டுகளை அதே முறையில்தான் படிக்கின்றன. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது மாணவரின் குறிப்பேட்டில் பாடம் இல்லை. "பலகையில் மூன்றாம் வரியைப் பார்" என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. பலகை அழியாத வரை அது சரி.

இந்த வழியைத் திறக்க வேண்டுமானால், 'பாதுகாப்பற்றது' என்று பொருள்படும் பெயர் கொண்ட தொகுப்பை நிரலின் தலைப்பிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும். அதற்கான முறையான செயற்கூறுகள் 2023 பிப்ரவரியில் வந்த 1.20 பதிப்பில் சேர்க்கப்பட்டன. அப்போதும் அந்தப் பெயர் மாறவில்லை. பைட்டுகள் மாறாமல் பார்த்துக்கொள்வது எழுதுபவரின் பொறுப்பு என்று ஆவணமும் சொல்கிறது. நான் அதைப் படித்துவிட்டுத்தான் பயன்படுத்தினேன்.

எங்கள் பட்டியலில் நடந்தது

பத்தாம் வகுப்பில் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 152 மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் 64 பைட் கொண்ட ஒரு பதிவை ஒதுக்கியிருந்தேன். பெயருக்கு 48 பைட், மீதி 16 பைட்டில் வரிசை எண்ணும் மதிப்பெண்ணும். கோப்பைப் படிக்க 4,096 பைட் கொண்ட ஒரே பலகை. 4,096ஐ 64ஆல் வகுத்தால் 64. அதாவது ஒரு முறைக்கு 64 மாணவர்கள் பலகைக்கு வருவார்கள். அவர்களைப் பட்டியலில் சேர்த்த பிறகு, அதே பலகையில் அடுத்த 64 பேர் எழுதப்படுவார்கள்.

நிரல் முதலில் சரியாகத்தான் இருந்தது. எங்களிடம் படித்து இப்போது சரவணம்பட்டியில் மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், தம் அலுவலகத்தில் நகல் எடுக்காமல் சரமாக்கும் முறை பற்றி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அன்றிரவே எங்கள் நிரலில் அந்த வரியை மாற்றினேன். கணினி மன்றத்து மாணவர்கள் 38 பேரின் பெயர்களை வைத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது. வராமல் எப்படி? 38 பேரும் ஒரே பலகைக்குள் அடங்கிவிட்டார்கள். பலகையை அழிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

152 பேர் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். முதல் முறை 1 முதல் 64 வரை உள்ளவர்கள் பலகையில் ஏறினார்கள். நிரல் ஒவ்வொருவருக்கும், "பெயர் பலகையின் இன்ன இடத்தில்" என்று குறித்துக்கொண்டது. மதிப்பெண்ணோ எண்ணாகக் கணக்கிடப்பட்டுத் தனியே சேமிக்கப்பட்டது. ஆகவே மதிப்பெண்கள் ஒன்றுகூட மாறவில்லை. இரண்டாம் முறை 65 முதல் 128 வரை. மூன்றாம் முறை எஞ்சிய 24 பேர். அவர்கள் பலகையின் முதல் 24 இடங்களில் மட்டும் எழுதப்பட்டார்கள்.

கடைசியில் பலகையில் எஞ்சியவை 64 பெயர்கள். முதல் 24 இடங்களில் 129 முதல் 152 வரை உள்ளவர்களின் பெயர்கள். அடுத்த 40 இடங்களில் 89 முதல் 128 வரை உள்ளவர்களின் பெயர்கள். நிரல் எந்த இடத்தைப் பார்த்தாலும் இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். 1ஆம் மாணவர், 65ஆம் மாணவர், 129ஆம் மாணவர் மூவருக்கும் 129ஆம் மாணவரின் பெயரே வரும். இப்படி 24 பெயர்கள் மும்மூன்று முறையும், 40 பெயர்கள் இரண்டிரண்டு முறையும் வந்தன. 72உம் 80உம் சேர்ந்தால் 152. தலைகளின் எண்ணிக்கை சரி. ஆனால் 88 குழந்தைகளின் பெயர்கள் பட்டியலில் எங்குமே இல்லை.

வரிசை எண் 41 உள்ள மாணவர் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தார். அவருடைய இடத்தில் 105ஆம் மாணவியின் பெயர் வந்து உட்கார்ந்தது. நான் அறையில் பார்த்தது அந்த மாணவியைத்தான்.

முழுப் பட்டியலையும் யாராவது பார்த்திருந்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது தெரிந்திருக்கும். நாங்கள் அச்சிட்டது சிறப்பு வகுப்புக்கான 22 பெயர்களை மட்டும். மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் மனம் வருந்துவார்கள் என்று, பெயர் மட்டும் போதும் என்று நானே முடிவு செய்திருந்தேன். அந்த நல்லெண்ணமும் பிழையை மறைக்கத் துணைபோனது. ஒரு பெயர் இரண்டு முறை வந்திருந்தது. வேறு வேறு பிரிவில் ஒரே பெயருடைய இருவர் என்று நினைத்துக் கடந்துவிட்டோம். பிறகு சரிபார்த்தபோது 22 பெயர்களில் 13 தவறானவை என்று தெரிந்தது.

சனிக்கிழமை அந்தப் பழைய மாணவர் வீட்டுக்கு வந்தார். நிரலைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சார், நாங்க இத செய்யற எடத்துல அந்தப் பைட்ட அப்புறம் ஒருத்தருமே தொடமாட்டோமுங்க. நீங்க அதே எடத்துலயே திரும்பப் படிக்கறீங்க" என்றார். வரியைப் பழையபடி மாற்றினோம். 152 பெயர்களும் சரியாக வந்தன.

மிச்சம் பிடித்தது எவ்வளவு?

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 152 பெயர்களையும் நகல் எடுத்திருந்தால் 152 × 48 = 7,296 பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே பல லட்சம் பைட் ஆகிறது. 7,296 பைட்டை நகல் எடுக்க எங்கள் ஆய்வகத்தின் பழைய கணினிக்குக்கூடக் கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பகுதிதான் ஆகும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்து நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

குறுக்குவழியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'கோ' மொழியின் சொந்த நூலகத்திலேயே, சிறுசிறு துண்டுகளைச் சேர்த்து நீண்ட சரத்தை உருவாக்கும் கருவி ஒன்று உள்ளே இதே முறையைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே அது பாதுகாப்பானது. அந்தக் கருவி ஏற்கெனவே எழுதியதை ஒருபோதும் அழிப்பதில்லை, பின்னால் சேர்க்க மட்டுமே செய்கிறது. தன் பைட்டுகளை வெளியாரிடம் தருவதும் இல்லை. எழுதிய பலகையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியது போல. வேறு சில இடங்களில், எடுத்துக்காட்டாக இரண்டு சொற்கள் ஒன்றா என்று ஒப்பிடும்போது, நகல் தேவையில்லை என்பதை நிரல்பெயர்ப்பியே கண்டுபிடித்துத் தவிர்த்துவிடுகிறது. நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

மறுதிசையில் போவது இன்னும் கடினம். மாறக்கூடாத சரத்தை நகல் இல்லாமல் பைட் வரிசையாக்கி அதில் எழுத முயன்றால், சில சரங்கள் எழுத்துக்கே அனுமதி இல்லாத நினைவகப் பகுதியில் இருப்பதால், நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரு வகையில் அது நல்லது. சத்தம் போட்டுச் சாகும் நிரலைத் திருத்திவிடலாம். அமைதியாகத் தவறான பெயரை அச்சிடும் நிரலைக் கண்டுபிடிக்க ஒரு குழந்தை மூன்று மாலைகள் உட்கார வேண்டியிருக்கிறது.

மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய இழப்பில் முடிந்த இனமாற்றம் ஒன்றை மாணவர்களிடம் சொல்வதுண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. 64 பிட்டில் இருந்த ஒரு தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது அடங்கவில்லை. இப்படி ஆபத்துள்ள ஏழு மாறிகளை வடிவமைத்தவர்கள் முன்பே கண்டறிந்திருந்தனர். கணினியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, மூன்றை விட்டுவிட்டனர். விட்ட மூன்றில் ஒன்றுதான் அன்று மீறியது. பாதுகாப்பை எங்கே விடலாம் என்று அவர்கள் போட்ட கணக்கு, முந்தைய ராக்கெட்டின் வேகத்துக்குச் சரியாக இருந்தது. என் கணக்கு 38 பேருக்குச் சரியாக இருந்தது போலத்தான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில்: பலகையில் ஐந்து ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். பாதி மாணவர்கள் மூன்றாவது பெயரைக் குறிப்பேட்டில் எழுதட்டும். மீதிப் பேர் 'பலகை, மூன்றாம் வரி' என்று மட்டும் எழுதட்டும். பலகையை அழித்து ஐந்து பழங்களின் பெயர்களை எழுதிவிட்டு, "உங்கள் ஊர் எது?" என்று கேளுங்கள். ஒரு குழு "பழனி" என்று சொல்ல, மற்றொரு குழு "கொய்யா" என்று சொல்லும். சிரிப்பு அடங்கியதும் ஏன் என்று கேளுங்கள். விளக்கத்தைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

நடுநிலை வகுப்புகளில்: தம் பெயரில் எத்தனை எழுத்து, எத்தனை ஒருங்குறிக் குறி, எத்தனை பைட் என்று ஒவ்வொருவரும் கணக்கிடட்டும். உயிர்மெய்யைப் பிரித்து எழுதும் தமிழ்ப் பாடமும் இதில் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 'ம' என்பதை இலக்கணம் ம் + அ என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒருங்குறிக்கு 'ம' ஒரே குறி. 'ம்' என்பதுதான் ம, புள்ளி என்று இரண்டு குறிகள். இதைக் கண்டுபிடிக்கும் மாணவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்.

பத்தாம் வகுப்பில்: மட்டு எண்கணிதம் நடத்தும்போது மேலே உள்ள 152 பேர் கணக்கைக் கொடுக்கலாம். 64ஆல் வகுக்கும்போது ஒரே மீதி தரும் வரிசை எண்கள் ஒரே பெயரில் போய் விழுகின்றன. 64 பேர் பலகைக்குப் பதிலாக 50 பேர் பலகை என்றால் எத்தனை பெயர்கள் மறையும் என்று கேட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில்: பைத்தானில் ஒரு லிஸ்ட்டை மற்றொரு பெயருக்கு மதிப்பிருத்தினால் நகல் உருவாவதில்லை. ஒன்றில் மாற்றினால் மற்றொன்றிலும் மாறும். மாணவர் அதைத் தாமே செய்து பார்த்து வியக்கட்டும்.

நிரல் எழுதாத ஆசிரியர்களுக்கும் இதே பாடம் எக்செல் தாளில் காத்திருக்கிறது. ஒரு தாளில் உள்ள பெயர்களை மற்றொரு தாளில் சூத்திரத்தால் இணைத்துவிட்டு, அங்கே மதிப்பெண்ணைக் கையால் தட்டினால், முதல் தாளை யாராவது அகர வரிசைப்படுத்தும்போது பெயர்கள் மட்டும் இடம் மாறிவிடும். மதிப்பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அனுப்புவதற்கு முன்பு சூத்திரத்தை நீக்கி மதிப்பாக ஒட்டிவிடுவது நல்லது.

அந்த மாணவியிடம்

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் போனேன். பட்டியலில் இருந்த பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். வர வேண்டிய மாணவர்களைத் தனித்தனியே அழைத்துச் சொன்னோம். அவர்களுக்கு விடுபட்ட மூன்று வகுப்புகளையும் கணித ஆசிரியர் திரும்ப நடத்தினார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இடைவேளையில் அந்த மாணவி வந்தாள். "அப்ப நான் தப்புப் பண்ணலீங்களா சார்?" என்று கேட்டாள். "நீ தப்பே பண்ணலம்மா. பண்ணுனது நானு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மூன்று நாளாக அவள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சிட்ட தாளில் பெயர் இருந்தால், குழந்தைகள் தாளை நம்புகிறார்கள். தம்மைச் சந்தேகிக்கிறார்கள்.

இப்போது எங்கள் பட்டியல்களில் பெயரோடு வரிசை எண்ணும் வரும். ஒட்டுவதற்கு முன்பு வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொள்ள, மற்றொருவர் பட்டியலை உரக்கப் படிப்பார். பத்து நிமிடம் ஆகும். புதிய நிரல் எதையும் 38 பேரோடு சோதித்து நிறுத்துவதில்லை. பள்ளி முழுவதையும் போட்டுப் பார்க்கிறோம். பட்டியலின் அடியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறோம்: 'உங்கள் பெயர் தவறுதலாக இடம்பெற்றதாகவோ விடுபட்டதாகவோ தோன்றினால், உடனே வந்து கேளுங்கள்.' சென்ற மாதம் இருவர் வந்து கேட்டார்கள். ஒருவருக்குப் பட்டியல் சரியாகவே இருந்தது. மற்றவருக்கு, மதிப்பெண்ணைத் தட்டச்சு செய்ததில் நான் ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தேன்.